ஒரு பிடித் தினை

ஊரில் எல்லோருடைய நாடியையும் பிடித்துப் பார்த்த ஏகாம்பரப் பண்டிதர், தன் நாடியை மட்டும் மூன்று வருடமாகத் தொடவே இல்லை. தொட்டால் அது என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததையே மறுபடி கேட்பானேன் என்று விட்டுவிட்டார்.

மனைவி சிவபாக்கியம் போன பிறகும் அவருடைய உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பிட்டார், தூங்கினார், மருந்து அரைத்தார். ஆனால் எதுவும் உள்ளே போய்ச் சேரவில்லை. மழை பெய்தால், மழை பெய்கிறது என்று தெரிந்தது. அவ்வளவுதான்.

மகள் வடிவாம்பாளுக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. பேரனைக் கையில் கொடுத்தார்கள். பண்டிதர் இமையை விலக்கிப் பார்த்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார். "குறை ஒன்றும் இல்லை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது அவள் மறுபடி உண்டாகியிருந்தாள். பிரசவத்துக்கு இன்னும் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். பார்க்கப் போன அப்பாவிடம் அவள் கோபமே இல்லாமல் சொன்னாள்.

"அப்பா, இந்தத் தடவை அந்த முகத்தோடு வராதீர்கள்."

மறுநாளே அவர் சுனைமலைக்குப் புறப்பட்டார். அங்கே தேனம்மை என்று ஒரு துறவி இருக்கிறார், அவரிடம் இருந்துவிட்டு வந்தவர்கள் சும்மாவே சிரித்த முகமாக இருக்கிறார்கள் என்று ஒரு நோயாளி எப்போதோ சொல்லியிருந்தார். அந்தப் பேச்சைத் தவிர வேறு பிடி எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை.

மடத்தின் கூரைமேல் ஒரு பெண் உட்கார்ந்து கீற்று வேய்ந்துகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். பண்டிதருக்கு அறுபத்திரண்டு. தேனம்மைத் தாயார் உள்ளே இருக்கிறார்களா என்று அண்ணாந்து கேட்டார்.

"இல்லை, மேலே இருக்கிறேன். ஏணியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்."

பிடித்துக்கொண்டார். இறங்கி வந்தவரிடம், ஒரு வைத்தியர் இன்னொரு வைத்தியரிடம் பேசுவதைப் போலவே பேசினார். நோய் இன்னது, வந்து இத்தனை காலம், கையில் இருப்பது இத்தனை நாள். பேரனைத் திருப்பிக் கொடுத்ததையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நாற்பத்தெட்டு நாளில் தீருமா என்று கேட்டார்.

அம்மை கையில் ஒட்டியிருந்த கீற்றுத் தூசியைத் தட்டினார்.

"விடிகாலையில் எழுந்திருப்பீர்களா?"

"எழுந்திருப்பேன்."

"அப்படியானால் நாளைக்கு மேல்பாறைக்கு வாருங்கள்."

மடத்தில் மொத்தமே ஐந்து பேர். இருள் பிரியும் நேரத்தில் ஐவரும் பாறைக்குப் போனார்கள். பண்டிதர் பின்னால் போனார். அம்மை ஒரு பிடித் தினையை எடுத்துப் பாறைமேல் விசிறினார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதலில் ஒரு சத்தம் கேட்டது. தூரத்துக் காட்டில் மழை இறங்கி வருவதைப் போன்ற சத்தம். பிறகு பள்ளத்தாக்கின் பனிமூட்டம் ஓரிடத்தில் கிழிந்தது. அந்தக் கிழிசல் வழியாகப் பச்சையாக ஏதோ பொங்கி மேலே வந்தது. கிளிகள். இருநூறு இருக்கும், முந்நூறும் இருக்கலாம். மலையை ஒரு சுற்றுச் சுற்றின. திரும்பும்போது அத்தனை சிறகுகளின் அடியிலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் பட்டது. அப்படியே இறங்கின. பாறை மறைந்துபோயிற்று. அது இருந்த இடத்தில் பச்சை நிறம் ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அம்மையின் தோளில் கிளி, மடியில் கிளி, விரித்த உள்ளங்கையில் கிளி. சூரியன் முழு வட்டமாக ஏறியதும், யாரோ சொன்னதைப் போல எல்லாம் ஒன்றாக எழும்பிப் போய்விட்டன.

சமையல் பார்க்கும் சீடன் காத்தமுத்து இதைப் பதினோரு வருடமாகத் தினமும் பார்க்கிறவன். அன்றைக்கும் கையில் அகப்பையோடு வாயைத் திறந்தபடி நின்றான்.

பண்டிதரும் பார்த்தார். கூட்டத்தில் ஒன்றுக்குக் கால் வளைந்திருப்பதைக் கவனித்தார். தினை ஒரு பிடிதான், பங்கு போட்டால் ஒரு கிளிக்கு ஒரு சிட்டிகைகூடத் தேறாது என்று கணக்கிட்டார். பிறகு உள்ளே தேடிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அப்போதுதான் அவருக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. இதுவே தன்னை அசைக்கவில்லை என்றால் ஒரு கைக்குழந்தை எப்படி அசைக்கும்?

அந்தப் பயத்தை அப்படியே அம்மையிடம் சொன்னார்.

அம்மை அவர் கையில் ஒரு சின்ன மரக்கிண்ணத்தைக் கொடுத்தார். "நாளையிலிருந்து கீழ்ப்பாறை உங்களுடையது. ஒரு பிடி போடுங்கள். சூரியன் முழுதாக ஏறும்வரை பக்கத்தில் உட்காருங்கள்."

"மந்திரம்?"

"இல்லை."

"மூச்சை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும்?"

"வழக்கம்போல் விடுங்கள்."

கீழ்ப்பாறைக்கு ஒரு கிளியும் வரவில்லை. முதல் நாள் வரவில்லை, ஐந்தாம் நாள் வரவில்லை, பத்தாம் நாளும் வரவில்லை. கூப்பிடு தூரத்தில் மேல்பாறை பச்சையாகப் பொங்கி அடங்குவதை அவர் இங்கிருந்தே பார்த்தார். அவருடைய தினையை எறும்புகள் இழுத்துக்கொண்டு போயின.

பன்னிரண்டாம் நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. கிளிகளுக்கு அம்மையைத் தெரியும், தன்னைத் தெரியாது, இது வெறும் பழக்கத் தோஷம். கொடியில் காய்ந்துகொண்டிருந்த அம்மையின் காவித் துணியை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தார். கூட்டத்திலிருந்து பத்துப் பதினைந்து கிளிகள் பிரிந்து இறங்கத்தான் செய்தன. பாதி தூரம் வந்தவை நடு ஆகாயத்தில் நின்று, கீச்சென்று கத்திவிட்டுத் திரும்பின.

"மீசையையும் சேர்த்து மூடியிருக்க வேண்டும், பண்டிதரே" என்றான் காத்தமுத்து. அன்று முழுவதும் கஞ்சி பரிமாறும்போதெல்லாம் அவனுக்குத் தோள் குலுங்கியது. அம்மை துணியை மறுபடி ஒருமுறை அலசிக் காயப்போட்டார்.

இருபதாம் நாள் வந்தது. மிச்சம் இருபத்தெட்டு நாள். பண்டிதர் காலையில் ஒரு பிடி போட்டு உட்கார்ந்தார், வெறும் பாறையைப் பார்த்தார், எழுந்தார். தினமும் ஒரு பிடி என்று இழுத்துக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை. மருந்து வேலை செய்யவில்லை என்றால் அளவு போதவில்லை என்று பொருள். மத்தியானம் எல்லோரும் சுனைக்குப் போயிருந்த நேரத்தில் தினைப் பானையைத் தூக்கிக்கொண்டு கீழ்ப்பாறைக்குப் போனார். இருபத்தெட்டு நாளுக்கான பிடிகளையும் ஒரே குவியலாகக் கொட்டினார். பானையை உதறிக் கடைசி மணியையும் கொட்டினார்.

மறுநாள் காலையில் மேல்பாறைக்குக்கூடக் கிளிகள் வரவில்லை. குவியலின் வாசனைக்குக் காட்டுப்பன்றிகள் ஏறி வந்திருந்தன. தினையை மேய்ந்து, மிதித்து, மண்ணோடு மண்ணாகக் கிளறிப் போட்டிருந்தன. அதோடு விடாமல் மடத்துச் சேப்பங்கிழங்குப் பாத்தியையும் புரட்டியிருந்தன. காத்தமுத்து சிரிக்கவில்லை. அவன் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து, பிழைத்த கிழங்கை ஒன்றொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

பண்டிதர் அம்மையின் முன்னால் போய் நின்றார்.

"உங்கள் நோயாளி யாராவது இப்படிச் செய்ததுண்டா?" என்று அம்மை கேட்டார்.

பண்டிதர் யோசித்தார். ஒரு நெசவாளி. ஒரு மண்டலத்துக்குக் கொடுத்த லேகியத்தை இரண்டே நாளில் வழித்துத் தின்றுவிட்டு வந்தவன்.

"உண்டு."

"என்ன செய்தீர்கள்?"

"தெரு கேட்கத் திட்டினேன்."

"எனக்கு அவ்வளவு திட்டத் தெரியாது. ஒரு முறமும் கூடையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்."

பன்றிகள் விட்டுப்போனதை மண்ணோடும் மணலோடும் வாரிக் கூடையில் நிரப்பினார்கள். மடத்தில் இனி இருக்கும் தினை இதுதான். அம்மை மேல்பாறைக்குத் தன் பங்குக் கஞ்சிக்குப் போடும் அரிசியில் ஒரு பிடி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பண்டிதருக்குக் கூடை. ஒவ்வொரு நாளும் பிற்பகலில் ஒரு பிடி புடைத்து, கல் நீக்கி, மறுநாள் காலையில் போட வேண்டும். ஒரு பிடிக்கு மேல் வேண்டாம்.

செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், தினையும் மணலும் ஏறக்குறைய ஒரே பருமன். புடைத்தால் பதர் போகும், மணல் போகாது. முதல் நாள் ஒரு பிடி சுத்தமாவதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. பண்டிதருக்கு அழுகை வரும்போல் இருந்தது. வரவில்லை.

ஆனால் அவருடைய விரல்கள் நாற்பது வருடம் நாடி பார்த்த விரல்கள். மூன்றாம் நாளே அவை மணலுக்கும் மணிக்கும் வித்தியாசம் கண்டுபிடித்துவிட்டன. மணல் விரலுக்கு அடியில் நிற்கும், தினை வழுக்கும். பிறகு கண் சும்மா இருந்தது. சும்மா இருந்த கண் அங்கும் இங்கும் பார்த்தது. பிற்பகல் சரிகிற நேரத்தில் இரண்டு மலைக்கும் நடுவிலிருந்து ஒரு காற்று வரும். அது வரும்வரை காத்திருந்து முறத்தைத் தூக்கினால் பாதி வேலையைக் காற்றே செய்துவிடும். அந்தக் காற்றை அவர் எதிர்பார்க்க ஆரம்பித்தார். தாமதமானால், எங்கே காணோம் என்று திரும்பிப் பார்த்தார்.

காலையில் ஒரு பிடி. உட்கார்தல். வெறும் பாறை. எறும்பு. எழுந்து வருதல். பிற்பகல் முறம். கிளி வரவில்லை என்று அவர் யாரிடமும் இப்போது சொல்வதில்லை. நாட்களை எண்ணுவதும் எப்போதோ விட்டுப்போயிற்று.

ஒரு நாள் காத்தமுத்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து முறத்தின் எதிரில் நின்றான்.

"பண்டிதரே, ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. பாடினால் முழுதாகப் பாடுங்கள். இல்லையென்றால் முனகாதீர்கள். நீங்கள் பாதியில் விட்டுவிடுகிறீர்கள். மீதி என் தலைக்குள் ராத்திரி வரைக்கும் ஓடுகிறது."

"யார் முனகியது? நானா?"

"பின்னே பன்றியா? நான்கு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

என்ன மெட்டு என்று பண்டிதர் கேட்டார். காத்தமுத்து கரகரத்த குரலில் இரண்டு அடி முனகிக் காட்டினான். பண்டிதரின் கையிலிருந்து முறம் மெல்லச் சரிந்தது. சுக்கு இடிக்கும்போது சிவபாக்கியம் முனகும் மெட்டு அது. அவளும் பாதியில்தான் விடுவாள்.

அவன் போன பிறகு அவர் முறத்தை நிமிர்த்தி வைத்தார். பிறகு, கதவைத் தட்டத் தயங்குகிறவர் போல, இடது கையின் மூன்று விரலைக் கொண்டுபோய் வலது மணிக்கட்டில் வைத்தார்.

அவர் எதிர்பார்த்தது மூன்று வருடத்துக்கு முன்னால் கேட்டதைத்தான். இழுத்துக் கட்டிய நூலைப் போல, ஈரமில்லாமல், தன் கடமைக்கு ஓடுகிற ஓட்டம். விரலுக்கு அடியில் வந்தது அது இல்லை. நிதானமாக, கொழுகொழுவென்று, வயிறு நிறைந்த பிள்ளை நடப்பதைப் போல ஒன்று நடந்துகொண்டிருந்தது. அவர் விரலை எடுத்தார். அடுத்த கையைப் பார்த்தார். அங்கேயும் அதுவே. எத்தனையோ ஆயிரம் பேரின் கையைப் பிடித்தவர், தன் கையைப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒரு பெரிய மனிதர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டவர் போல மூச்சடக்கி இருந்தார். எப்போது வந்தார்? யார் கதவைத் திறந்தது?

எழுந்து அம்மையிடம் ஓடினார். அம்மை விறகு பிளந்துகொண்டிருந்தார். பண்டிதர் மணிக்கட்டை நீட்டினார்.

"எனக்கு நாடி பார்க்கத் தெரியாதே."

"மாறியிருக்கிறது அம்மையே. எந்த நாளில் மாறியது? என்ன செய்தபோது மாறியது?"

"உங்களுக்குத்தான் தெரிய வேண்டும்."

"நான் கவனிக்கவில்லை."

"அது நல்லதாயிற்று" என்று சொல்லிவிட்டு அம்மை அடுத்த கட்டையை நிறுத்திவைத்தார்.

அதற்கு இரண்டு நாள் கழித்துக் கீழ்ப்பாறைக்கு ஒரு கிளி வந்தது. ஒன்றே ஒன்று. கழுத்தில் இன்னும் வளையம்கூட விழாத இளங்கிளி. பாறையின் விளிம்பில் இறங்கிப் பண்டிதரை ஒரு கண்ணால் பார்த்தது, தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தது. பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வந்தது. ஒரு மணியை எடுத்து உரித்தது. அந்த உமி உடையும் சத்தம் அவருக்குக் கேட்டது. அலகின் சிவப்பும், அதன்மேல் ஒட்டிய உமியும், மூச்சுக்கு மூச்சு விம்மித் தணிந்த அந்தத் துளி மார்பும் அவருக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தன. நான்கு மணி தின்றது. பறந்துபோயிற்று.

முதல் நாள் முந்நூறு கிளிகளைப் பார்த்துக் கணக்குப் போட்டவர், பாறையில் நெற்றி படக் குனிந்தார். எழுந்தபோது மீசையெல்லாம் நனைந்திருந்தது. இவ்வளவும் தினமும் நடந்துகொண்டா இருந்தது என்று கேட்டுக்கொண்டார்.

நாற்பத்தோராம் நாள். பண்டிதர் பாறையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். மடத்து வாசலில் மாப்பிள்ளை நல்லதம்பி நின்றார். வேட்டியில் வழிநெடுகப் பட்ட முள், காலில் புழுதி. பண்டிதர் அருகில் வந்து நின்றார். மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. மாமனாரின் முகத்தையே பார்த்தார். நெற்றியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், தொலைந்த பொருளை வீடு முழுவதும் தேடுகிறவர் போல நிதானமாகப் பார்த்தார்.

பண்டிதர் அவர் கையைப் பிடித்தார். "என்ன மாப்பிள்ளை, வடிவுக்கு..."

"பெண் குழந்தை, மாமா. முந்தாநாள். ஒன்பது நாள் முந்திக்கொண்டது. இரண்டு பேரும் சுகம்."

அதைச் சொல்ல இவ்வளவு நேரமா என்று பண்டிதர் கேட்டார். மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். வடிவு அப்படித்தான் சொல்லி அனுப்பினாளாம். சேதியைச் சொல்லுமுன் முகத்தைப் பாருங்கள், பிள்ளை பிறந்ததைக் கேட்டு எந்த முகமும் ஒரு கணம் மலரும், அதை நம்பி ஏமாறாதீர்கள். பழைய முகமாக இருந்தால் சுகம் என்று மட்டும் சொல்லிவிட்டு நீங்கள் தனியாகத் திரும்பி வாருங்கள்.

"அப்படியானால்?"

"கிளம்புங்கள் மாமா. வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம்."

பண்டிதருக்குக் கட்டிக்கொள்ள மூட்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காத்தமுத்து வழிக்குக் கட்டுச்சோறு கொடுத்தான். பன்றி பயம் இல்லாமல் இனிப் பாத்தியில் நிம்மதியாகக் கிழங்கு நடலாம் என்று சொன்னவன், அந்த மெட்டின் மீதியாவது என்ன என்று கேட்டான். மீதி தனக்கும் தெரியாது என்றார் பண்டிதர்.

ஆனால் வாசலைத் தாண்டும் நேரத்தில் அவர் நின்றுவிட்டார். முகம் வாடியிருந்தது. மாப்பிள்ளையை நிற்கச் சொல்லிவிட்டு அம்மையிடம் திரும்பி வந்தார்.

"பயமாக இருக்கிறது."

ஏன் என்று அம்மை கேட்டார்.

"இது இந்த மலையில் வந்தது. அங்கே தெருவும் சந்தடியும்தான். பாறை இல்லை, கிளி இல்லை, அந்தக் காற்று வராது. பத்து நாளில் இது வற்றிவிட்டால், அந்தக் குழந்தையையும் நான் திருப்பிக் கொடுத்துவிட்டால்?"

அம்மை மாப்பிள்ளையை அருகில் கூப்பிட்டார்.

"பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கும்?"

பண்டிதர்தான் பதில் சொன்னார்.

"பத்து. பன்னிரண்டும் ஆகும்."

"யார் அலசுகிறார்கள்?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். தன் அம்மாவுக்கு முட்டி வலி, குனிய முடிவதில்லை என்றார். தான்தான் நேரம் கிடைத்தபோது அலசுவதாகவும், பாதி அப்படியே கிடப்பதாகவும் மெதுவாகச் சொன்னார்.

அம்மை பண்டிதரின் பக்கம் திரும்பினார்.

"என்னால் உங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பிடிதான் கொடுக்க முடிந்தது. அங்கே பத்து, பன்னிரண்டு கிடைக்கும்."